சார் போனதும் கூட்டமும் போய்விட்டதா?

தாம்பரத்துக்கு மேற்கே, 240 வீடுகள் உள்ள ஒரு நகரிலிருந்து 47 வயதுச் சகோதரி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த நகரின் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஊருக்கே "சார்", லாரி டியூபின் மேல் பலகையைக் கட்டி, மாடியில் முடங்கியிருந்தவர்களுக்குப் பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோய்க் கொடுத்தார். தண்ணீர் வடிந்த பிறகு அவரே குடியிருப்போர் நலச் சங்கத்தைத் தொடங்கிப் பதிவும் செய்தார். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை ஏழு மணிக்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில் கூட்டம். சார் பேச எழுந்தால் சிரிப்புச் சத்தம் மூன்றாவது தெருவரை கேட்குமாம். ஐம்பது அறுபது பேர் வருவார்கள். தெருவிளக்கு, மழைநீர் வடிகால் மனு, பொங்கல் விளையாட்டு எல்லாம் அந்த மரத்தடியில் முடிவானவை.

பதினான்கு மாதங்களுக்கு முன் சார் பெங்களூருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது, எட்டு ஆண்டுகளாகச் சங்கத்தின் குறிப்பேட்டை எழுதிவந்த இந்தச் சகோதரியைச் செயலாளராக்கிவிட்டுப் போனார். முதல் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். பிறகு ஒன்பது. போன மாதம் ஆறு. வாட்ஸ்அப் குழுவில் 212 பேர் இருக்கிறார்கள்; குப்பை வண்டி வரவில்லை என்றால் நாற்பது செய்திகள் வருகின்றன, கூட்டம் என்றால் கட்டைவிரல் படத்தோடு சரி. அந்தக் குழுவிலேயே ஒருவர், "அந்த அம்மாவுக்குப் பேச வராது, சங்கத்தை இழுத்து மூடிவிடலாம்" என்று எழுதிவிட்டார். "சம்பளம் இல்லாத வேலைக்கு வசவு வேறா?" என்கிறார் கணவர். இது போதாதென்று, சங்கத்தின் பணம் 1,86,000 ரூபாய் இன்னும் சாரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. இரண்டு ஆண்டுக் கணக்கு பதிவாளருக்குப் போகவில்லை.

"கூட்டத்துக்கு முந்தைய இரவு தூக்கம் வருவதில்லை. சாருக்கு இருந்த துடிப்பு எனக்குப் பிறவியிலேயே கிடையாது. விலகிவிடட்டுமா? இல்லை, கூட்டத்தை நிறுத்திவிட்டு வாட்ஸ்அப்பிலேயே நடத்திவிடலாமா?" இதுதான் கேள்வி.

கையெழுத்துக்குக் கீழே மூன்று வரி இருக்கிறது: "பின்குறிப்பு. போன வாரம் இரண்டாவது தெருவில் ஒரு பாட்டி இறந்துவிட்டார். இரவு பதினொன்றரைக்கு அவர் மகன் வந்து எங்கள் கதவைத் தட்டி, ஃப்ரீசர் பெட்டிக்காரரின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். அன்றும் என் தூக்கம் போயிற்று."

சகோதரி, உங்கள் கடிதத்தை நான் இரண்டாவது முறை பின்குறிப்பிலிருந்துதான் படித்தேன். 212 பேர் உள்ள குழுவில் அந்த மகன் ஒரு வரி போட்டிருக்கலாம். நாலு பேர் நம்பர் அனுப்பியிருப்பார்கள். தாயின் உடலைக் கூடத்தில் கிடத்திவிட்டு, எந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்று யோசித்தவருக்கு உங்கள் கதவு நினைவுக்கு வந்திருக்கிறது. அவர் சங்கக் கூட்டத்துக்கு வருபவரா என்று நீங்கள் எழுதவில்லை. வராதவர் என்றால் நான் சொல்லப்போவதற்கு இன்னும் வலு கூடும். கெட்டுப்போன தூக்கத்தின் கணக்கில் அந்த இரவை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த இரவில் இருக்கிறது.

சாரின் கலகலப்பு

முதலில் சாரைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் கடிதம் முழுக்க அவரோடு உங்களை ஒப்பிட்டு நீங்களே மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவர் இல்லாவிட்டால் அந்தச் சங்கமே பிறந்திருக்காது. முன்பின் தெரியாத 240 குடும்பங்களை ஒரு மரத்தடிக்கு இழுத்துவர அப்படியொரு மனிதரின் குரலும் வேகமும் தேவைப்பட்டன. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நான்காம் பக்கத்தில், பெருமையாக ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "சார் இருந்தவரை யாரும் ஒரு நாற்காலிகூடத் தூக்கியதில்லை. அவரே நான்கு நான்காக அடுக்கித் தூக்கிக்கொண்டு வருவார்." எனக்கு அந்த இடத்தில்தான் உறுத்தியது. எட்டு ஆண்டுகளாக அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் நாற்காலி சுமந்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் சாரைக் கேட்க வந்தவர்கள். கச்சேரி முடிந்ததும் எழுந்து போவதுபோல அவர் போனதும் போய்விட்டார்கள். இதில் உங்கள் தவறு எங்கே வந்தது?

உங்கள் நகருக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை இது. மாக்ஸ் வேபர் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பற்றி விரிவாக எழுதிவைத்தார். ஒரு மனிதரின் ஈர்ப்பில் திரண்ட கூட்டம், அந்த ஈர்ப்பு மெல்ல வழக்கமாகவும் விதிமுறையாகவும் பொறுப்புகளாகவும் மாறினால்தான் அவருக்குப் பிறகும் நிற்கும். உங்கள் சங்கத்தில் அந்த மாற்றம் நடக்கவே இல்லை. சார் இருந்தபோது நடந்திருக்க வேண்டியது இப்போது உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

தேரோட்டத்தை அருகில் நின்று பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்களுக்கு முன்னால் துண்டை வீசிச் சத்தம் கொடுப்பவர்மேல்தான் எல்லோர் கண்ணும் இருக்கும். சக்கரத்தின் அருகில் குனிந்தபடியே ஓடிக்கொண்டு, சரியான நொடியில் கட்டையைச் செருகித் தேரை மூலையில் திருப்புகிறவரை எத்தனை பேர் பார்க்கிறோம்? அவர் கையில் இருப்பதன் பெயர் முட்டுக்கட்டை. தேரைத் திருப்பும் பொருளின் பெயரைத் தடைக்குப் பெயராக வைத்துவிட்டோம், பாவம். நீங்கள் எட்டு ஆண்டுகளாகச் சக்கரத்தடியில் இருந்தவர். இப்போது துண்டை வீசப் பார்க்கிறீர்கள், கை வலிக்கிறது.

துடிப்பு தேவையே இல்லை என்று சொல்லவில்லை. அது உங்களிடமிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண், கோலப் போட்டியன்று மைக்கைப் பிடித்து அமர்க்களப்படுத்தினார் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதிவிட்டு மறந்துவிட்டீர்கள். மைக்கை அவரிடம் கொடுங்கள். குறிப்பேடு உங்களிடம் இருக்கட்டும்.

பேசாமலே தெரிந்தவர் ஆவது

பேச வராது என்று அந்த மனிதர் எழுதியதை நீங்களும் நம்பிவிட்டதாகத் தெரிகிறது. ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1992இல் அமெரிக்காவில் மோர்லண்ட், பீச் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்டது. தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்த நான்கு பெண்களை ஒரு கல்லூரி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒருவர் ஒருமுறைகூடப் போகவில்லை. மற்றவர்கள் 5, 10, 15 முறை போனார்கள். யாரிடமும் பேசக் கூடாது. வந்து, முன்வரிசைப் பக்கம் உட்கார்ந்து, போய்விட வேண்டும். பருவத்தின் முடிவில் மாணவர்களிடம் நான்கு பேரின் படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிக முறை வந்தவரைத்தான் அதிகம் பிடித்திருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டார், அவ்வளவுதான்.

இதை ஒரு மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவரைப் பார்த்தவுடனே பிடிக்காமல் போய்விட்டால் தினமும் பார்ப்பது எரிச்சலைத்தான் கூட்டும், மாமியார் மருமகள் சங்கதிபோல. பகை ஏதும் இல்லாத இடத்தில், எதிர்பார்த்த நேரத்தில் எதிர்பார்த்த இடத்தில் ஒருவர் இருந்துகொண்டே இருப்பது நம்பிக்கையை வளர்க்கிறது. என் ஆலோசனை அறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் காண்பதும் அதுதான். ஒரு நெருக்கடியில் யாரிடம் உதவி கேட்டீர்கள் என்று விசாரித்தால், நன்றாகப் பேசுகிறவர்களின் பெயர் வருவது குறைவு. "அந்த அக்கா எப்போதும் அங்கேதான் இருப்பார்கள்" என்ற வாக்கியம்தான் வரும்.

ஆகவே கூட்டத்தில் உரை நிகழ்த்துவதை விட்டுவிடுங்கள். வருகிற ஆறு பேரைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். எதிரே நின்று பேசாதீர்கள். குறிப்பேட்டைத் திறந்து, போன மாதம் முடிவானது என்ன, ஆனது எது, ஆகாதது எது என்று படியுங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்ன வேலையைக் கொடுங்கள், பெயர் சொல்லி. "யாராவது போய்ப் பேசினால் நன்றாக இருக்கும்" என்ற வாக்கியத்துக்கு உலகத்தில் யாரும் எழுந்து போனதில்லை. "முருகேசன் அண்ணா, செவ்வாய்க்கிழமை மின்வாரிய அலுவலகத்துக்கு என்னோடு வருகிறீர்களா?" என்று கேட்டால், வர முடியாவிட்டாலும் அவர் தம்பியையாவது அனுப்புவார். நாற்காலியையும் அவர்களே தூக்கட்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை. நாற்காலி தூக்கியவர் அடுத்த மாதம் வருவார்.

ஆறு பேர் என்று கூனிக்குறுக வேண்டாம். வேலை செய்கிற ஆறு பேர் 240 வீடுகளுக்குத் தாராளம். அடுத்த சில மாதங்களில் இது நாலாகவும் குறையலாம், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

பால் பூத்தும் வாட்ஸ்அப்பும்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கூட்டத்தை நிறுத்திவிட்டு வாட்ஸ்அப்பில் மட்டும் நடத்தலாமா? வேண்டாம். அறிவிப்புப் பலகையாக அது மிக நல்லது: தண்ணீர் வரும் நேரம், தடுப்பூசி முகாம், காணாமல்போன பூனை. அங்கே சண்டை போட்டு முடிவெடுக்க முயன்றால், முகம் பார்க்காத தைரியத்தில் வார்த்தைகள் தடித்துவிடும். 212 பேர் என்ற எண்ணிக்கையை உறுப்பினர்களின் அக்கறை என்று நினைத்துத்தான் நீங்கள் ஏமாந்துகொண்டிருக்கிறீர்கள். அதில் பாதிப் பேர் குழுவை மௌனப்படுத்தி வைத்திருப்பார்கள். நானும் எங்கள் தெருக் குழுவை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கூட்டம் நடக்கும் தண்ணீர்த் தொட்டி, நகரின் கடைசி மூலையில் இருக்கிறது என்கிறீர்கள். அங்கே யாரும் தற்செயலாக வரமாட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடும்பக் குடியிருப்பில் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் யார் யாரோடு நட்பானார்கள் என்று கணக்கெடுத்தார்கள், 1950இல் வெளியானது. வாசல்களுக்கு இடையிலிருந்த தூரம்தான் பெரிதாக வேலை செய்திருந்தது. மாடிப்படியின் அடியில் வீடு கிடைத்தவர்களுக்கு மாடியிலும் நண்பர்கள் அதிகம். எல்லோரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

உங்கள் நகருக்கு மாடிப்படி எது? நுழைவாயிலில் உள்ள பால் பூத். இரண்டாவது ஞாயிறுக் கூட்டம் மரத்தடியிலேயே தொடரட்டும். அதற்கு மேல், வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம், காலை ஆறரையிலிருந்து ஏழு வரை பால் பூத் பக்கத்துப் பெஞ்சில் குறிப்பேட்டோடு உட்காருங்கள். அழைப்பு வேண்டாம், பேனர் வேண்டாம். பால் வாங்க எப்படியும் போகிறீர்கள். அரை மணி நேரம் கூடுதல். முதல் இரண்டு வாரம் சங்கடமாக இருக்கும். மூன்றாவது வாரம் யாராவது வந்து, "மேடம், எங்கள் தெருவில் அந்த மூடி இல்லாத சாக்கடை..." என்று தொடங்குவார். எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமை, ஆகாவிட்டாலும், என்ன ஆயிற்று என்று அவரிடம் சொல்லுங்கள்.

உங்களைப் பழித்து எழுதியவரை ஒரே ஒருமுறை நேரில் பாருங்கள். குழுவில் பதில் எழுத வேண்டாம். "சங்கத்தின் கணக்கைச் சரிபார்க்க ஆள் வேண்டும், உட்காருகிறீர்களா?" என்று கேளுங்கள். வந்தால் ஓர் ஆள் லாபம். வராவிட்டால், கேட்டதற்கு வரவில்லை என்பது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பெண் என்பதால் உங்களை இழிவாகவோ ஆபாசமாகவோ எழுதினால் மட்டும் விஷயம் வேறு. ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இதுவரை அவர் எழுதியது அந்த எல்லையைத் தொடவில்லை என்றே படுகிறது.

பணமும் கையெழுத்தும்

நான் மனநல ஆலோசகர், வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் உங்கள் தூக்கமின்மையில் ஒரு பங்கு இந்த 1,86,000 ரூபாய்க்கு உண்டு என்பதால் சொல்கிறேன். "சார் தங்கமானவர், பணம் பத்திரமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் தங்கமானவராகவே இருக்கட்டும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், வங்கியின் கண்ணில் அது அவருடைய பணம், நாமினிக்குத்தான் போகும். சங்கத்துடையது என்று நிரூபிக்கும் பாடு உங்களுக்கு. அவர் நலமாக இருக்கும்போதே சங்கத்தின் பெயரில் கணக்குத் தொடங்கி, இருவர் கையெழுத்து என்று நிபந்தனை வைத்து, பணத்தை மாற்றச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், நிர்வாகக் குழுவின் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள். எட்டு ஆண்டு கணக்குப் பார்த்தவர், புரிந்துகொள்வார்.

உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டுவதும் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்புவதும் அதன்படி கடமைகள். விடுபட்ட இரண்டு ஆண்டுகளையும் ஒரு தணிக்கையாளரைப் பார்த்து இப்போதே ஒழுங்குபடுத்திவிடுங்கள். தள்ளத் தள்ளச் சிக்கல்தான் வளரும். நீங்கள் பொறுப்பேற்பதற்கு முந்தைய கணக்கில் உங்களுக்குத் தெரியாத எதற்கும் கையெழுத்துப் போட வேண்டாம். என்ன தேதியில், எவ்வளவு இருப்போடு, எந்தெந்த ஆவணங்களைப் பெற்றுக்கொண்டீர்கள் என்று சாரிடம் எழுதி வாங்குங்கள்.

விலகுவது பற்றி

ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில், பகல் முழுக்கத் தம் தொழிலைப் பார்த்துவிட்டு மாலையில் தொண்டு செய்தார். 1974இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார்: தொண்டர்கள் எரிந்து தீர்ந்துபோவது பற்றி. யார் முதலில் தீர்ந்துபோகிறார்கள்? அலட்சியமானவர்கள் இல்லை, அர்ப்பணிப்பு மிக்கவர்கள். முடியாது என்று சொல்லத் தெரியாதவர்கள். அவரும் அந்த நிலைக்குப் போய்த்தான் மீண்டார்.

விலக உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் கொடுத்து, குறிப்பேட்டையும் கணக்கையும் ஒப்படைத்துவிட்டு வரலாம். அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் இப்போதே விலகினால், "எனக்கு வரவில்லை" என்ற முடிவோடு போவீர்கள், அது பொய்யான முடிவு என்பதால் தயங்குகிறேன். அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவரை என்று ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். அதை நிர்வாகக் குழுவிடமும் கணவரிடமும் சொல்லிவிடுங்கள். கணவர் முணுமுணுப்பதில் எனக்குப் பாதி அனுதாபம் உண்டு. இரவு பதினொன்றரைக்குத் தட்டப்பட்டது அவருடைய வீட்டுக் கதவும்தான். அவரிடம் சங்கத்தின் பெருமையைச் சொல்லி வாதாட வேண்டாம். எந்தெந்த நேரம் சங்கத்துக்கு, எந்த நேரம் வீட்டுக்கு என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். இரவு நேர அவசரத்துக்கு இன்னும் இரண்டு பேரின் நம்பரை எல்லாத் தெருக்களுக்கும் கொடுங்கள். ஃப்ரீசர் பெட்டிக்காரர், ஆம்புலன்ஸ், மின்வாரிய அலுவலகம் ஆகிய எண்களைப் பால் பூத் சுவரிலேயே எழுதி ஒட்டிவிடலாம்.

கூட்டத்துக்கு முந்தைய இரவு மட்டும் தூக்கம் வராதது பதற்றம். உரை நிகழ்த்துவதை விட்டதும் பெரும்பாலும் குறையும். மற்ற இரவுகளிலும் வாரக்கணக்கில் இப்படியே என்றால் மருத்துவரைப் பாருங்கள். 47 வயதில் தைராய்டு, மாதவிடாய் நிற்கும் காலத்தின் மாற்றங்கள் எல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும். எல்லாப் பழியையும் சங்கத்தின்மேல் போட்டுவிட முடியாது.

ஐந்தாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்வி எழுதி, பிறகு அடித்திருக்கிறீர்கள். அடித்தும் தெரிகிறது: "மழை பெய்து ஒருவருமே வராவிட்டால்?" குடையை எடுத்துக்கொண்டு போங்கள். மரத்தடியில் பத்து நிமிடம் நில்லுங்கள். குறிப்பேட்டில் தேதியைப் போட்டு, "மழை. வந்தவர்: ஒருவர்" என்று எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு காபி குடியுங்கள்.